பெண்கள் பக்கத்துச் சங்கு

பேத்தி முத்து போன் செய்தபோது நான் ஐந்தருவிக் கடையில் எண்ணெய்க் குப்பிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. "ஆச்சி, பீர் சார் போயிட்டாவ" என்றாள். "எந்த பீர்?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. வேறு யாராகவாவது இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். காலையில் தென்காசி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் வீட்டார் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடையை விட்டு இறங்கி அருவியைத்தான் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் பக்கம் ஒரே கூட்டம். அவர்கள் தலைக்கு மேலே கம்பத்தில் அபாயச் சங்கு இருந்தது. அதை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. கடையநல்லூரில் அவர் வீட்டுக்குப் போய், அவரை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அழுதேன்.

பீர்முகம்மது அவர்களுடன் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தருகிறார்கள் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் இலஞ்சியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் பேத்தி முத்துலெட்சுமி அதே அலுவலகத்தில் எஞ்சினியர். கடைக்கு எண்ணெய் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன், இங்கேயும் சொல்லிக்கொள்கிறேன். தெரியாத எதையும் நான் எழுதவில்லை. சங்கை ஊதவைக்கிற பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

இரண்டு சீசனுக்கு முன்னால்தான் அவர் இங்கே வந்தார். மலைமேல் தண்ணீர் ஏறினால் கீழே குளிக்கிறவர்களுக்குச் சங்கு ஊதுகிற ஏற்பாட்டைச் சோதனையாக வைத்துப் பார்க்க வந்திருந்தார்கள். மலைமேல் ஒரு கேமரா, போலீஸ் சாவடி மாடியில் ஒரு கம்ப்யூட்டர். என் கடைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. அந்தப் பெட்டியில் வரிசையாக ஓட்டைகள். ஓர் ஓட்டையிலிருந்து ஆண்கள் பக்கத்துச் சங்குக்கு வயர் போனது, இன்னோர் ஓட்டையிலிருந்து பெண்கள் பக்கத்துச் சங்குக்கு. அறைச் சாவி என்னிடம் இருந்ததால் அவர் என்னிடம் பேசவேண்டியதாயிற்று.

வந்தவர்கள் எல்லோரும் வேலை முடிந்ததும் துண்டு வாங்கிக்கொண்டு குளிக்க ஓடினார்கள். அவர் மட்டும் அறை வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, சீசன்ல வந்துட்டு தலை நனையாமப் போறீரே?"

"தண்ணின்னா பயம் ஆச்சி."

"கடையநல்லூர்ல தண்ணியே இல்லியா?"

"அங்கன குழாய்ல வருது. நாம திருக்கினா நிக்கும்லா."

வளைகுடாவில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு நெட்வொர்க் போட்டவர். அங்கே எதைப் பார்த்தாரோ, எதற்கெடுத்தாலும் பயப்படுவார். "பச்சை விளக்கைப் பாத்தாத்தான் ஆச்சி எனக்குப் பயம். சிவப்புன்னா நிம்மதி. எங்கனயோ கோளாறுன்னு தெரிஞ்சுபோவுதே" என்பார். அலுவலகத்துப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டேன், "இத்துனூண்டு பெட்டிக்கு எதுக்குத் தம்பி இத்தனை பேரு?" அவர் போலீஸ் மாடியைக் கைகாட்டினார்.

"மேல ஏட்டையா மைக் வச்சிருக்காவ. எந்தப் பக்கம் ஆளை விடணும், எந்தப் பக்கம் நிப்பாட்டணும்னு அவுகளுக்குத்தான் தெரியும். ஆனா ஆளை விடுதது யாரு?"

"கீழ கம்பிக்கிட்ட நிக்க போலீஸ்காரர்."

"மேல ஒண்ணு மாறி, அதைக் கீழ நிக்கவருக்குச் சொல்லாம விட்டுட்டா?"

"மைக்குல மூடியாச்சும்பாவ. இவரு பாட்டுக்கு விட்டுக்கிட்டே இருப்பாரு."

"அதான் ஆச்சி இந்தப் பெட்டி."

பெட்டிக்குள்ளே இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஒருவர் மென்பொருள். எந்தச் சாமான் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார். அதற்கு பிரிட்ஜ் என்று பெயர். திரையில் நாம் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். ஆனால் அவருக்கு வேகம் போதாது. அதனால் கீழே சிப் என்று இன்னொருவர், தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, வருகிற சேதியை எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் அந்தந்த ஓட்டைக்குத் தள்ளிவிடுவார். மேலே மாறினால் கீழே எழுதவேண்டும், கீழே புதிதாகப் பார்த்தால் மேலே சொல்லவேண்டும். இரண்டு பட்டியலும் எந்த நேரமும் ஒன்றாகவே இருக்கவேண்டும். முத்து நாள் முழுக்கச் செய்கிற வேலை இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இதற்காக வெளிநாட்டிலிருந்தெல்லாம் அவளைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

போன சீசனில் ஒரு நாள், ஈர வாடை போகட்டும் என்று அறை ஜன்னலின் கம்பிவலையைத் திறந்து வைத்துவிட்டேன். குரங்கு உள்ளே புகுந்து பெட்டிமேல் உட்கார்ந்து வயரை இழுத்தது. விளக்குமாற்றால் விரட்டினேன். ஒரு வயர் கழன்று கீழே கிடந்தது. எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. சும்மா இருந்த ஓர் ஓட்டையில் சொருகினேன். டக்கென்று பிடித்துக்கொண்டது, பச்சை விளக்கும் மினுங்கியது. உடனே முத்துவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, குரங்கு வயரை இழுத்துப் போட்டுட்டு. நான் குத்திட்டேன். பாரு."

"இங்க எல்லாம் பச்சைதான் ஆச்சி. ரெண்டு சங்கும் இருக்கேங்குது."

பேத்தி வேலையை நானே பார்த்துவிட்டேன் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் பெருமையடித்தேன்.

வாரத்துக்கு ஒரு முறை அவர் வந்து ஒவ்வொரு சங்காக ஒரு குட்டி ஊதல் ஊதவைப்பார். திரையைப் பார்க்கமாட்டார். கம்பத்தின் அடியில் நின்று காதால் கேட்பார். குரங்கு வந்த மூன்றாம் நாள் அப்படித்தான் வந்தார். ஏட்டையாவுக்கு அது பிடிப்பதில்லை. "சும்மா ஊதினா கூட்டம் மிரளும் சார். அதான் பச்சை காட்டுதுல்லா" என்றார். இவர் கேட்கவில்லை. ஆண்கள் பக்கம் ஊதியது. பெண்கள் பக்கம் வந்து நின்று கையை உயர்த்தினார். மாடியிலிருந்து முத்து, "அனுப்பிட்டேன் சார்" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் கையை உயர்த்தினார். "அனுப்பிட்டேன் சார், பச்சை." அருவிச் சத்தம் மட்டும்தான்.

"ஆச்சி, உங்களுக்குக் கேட்டுதா?"

"இல்ல."

இருவரும் மலையைப் பார்த்தோம். கீழே வெயிலும் சாரலுமாக இருக்க, மேலே கறுத்த மேகம் உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளே எவ்வளவு மழை என்று யாருக்குத் தெரியும்?

"ஏட்டையா, பொம்பளையாளுகளை வெளிய எடுங்க."

"தண்ணி ஏறிட்டா?"

"ஏறல."

"பின்ன என்னத்துக்கு?"

"ஏறினா சங்கு ஊதாது."

பெண் போலீஸ் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்றார் ஏட்டையா. பீர் தம்பி செருப்பைக் கழற்றினார். பேண்ட்டோடு, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெண்கள் குளிக்கிற தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன்.

"ஏலே, கண்ணு அவிஞ்சுபோச்சா? பொம்பளப் பக்கம் வாரான் பாரு" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி சோப்பு டப்பாவை எறிந்தாள், தோளில் பட்டது. அவர் யாரையும் பார்க்காமல் பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டபடி, "வெளிய போங்கம்மா, வெளிய போங்கம்மா" என்று பாறையிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே நின்றார். அருவி அவர் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, இவரு ஆம்பளை இல்ல, எஞ்சினியரு. வெளிய வாங்கட்டி" என்று நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முதலில் கரையேறினார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கடைசியாக வந்தாள்.

அன்றைக்குத் தண்ணீர் ஏறவில்லை. சாயங்காலம் வரை அருவி தெளிவாகவே விழுந்தது. கரையேறினவர்களில் பாதிப் பேர் என் கடை வாசலில் நின்று ஏசினார்கள். அவர் உள்ளே என் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிரில் பல் கிட்டியது.

"தண்ணி வரலியே தம்பி. ஏச்சு வாங்கினதுதான் மிச்சம்."

"நல்லதுதான ஆச்சி. ஏசுதவுக உசுரோட இருக்காவ."

பிறகு அறைக்குப் போனார். மேல் பட்டியலோடு நிற்காமல் சிப்பிடமும் நேராகக் கேட்டார். பெண்கள் பக்கத்துச் சங்கு ஆறாவது ஓட்டையில் இருக்கிறது என்றது மேல் பட்டியல். மூன்றாவது ஓட்டை என்றது சிப். மூன்றாவது ஓட்டையில் வயரே இல்லை. முத்து அனுப்பிய கூப்பாடு ஒவ்வொன்றும் அந்த வெறும் ஓட்டைக்குள் போய் விழுந்திருக்கிறது. சங்கு எப்போதாவது ஒரு முறை 'இருக்கேன்' என்று சொல்லுமாம். அது ஆறாவது ஓட்டை வழியாக ஒழுங்காக மேலே வந்துவிட்டது. அதனால் திரையில் பச்சை. முத்து குரங்கு விஷயத்தைச் சொன்னாள்.

அந்தக் கைக்குழந்தைக்காரிதான் கண்முன்னே நின்றாள். மூன்று நாளாக அத்தனை பேர் அந்தச் சங்கை நம்பிக் குளித்திருக்கிறார்கள். "நான்லா தம்பி கொன்னிருப்பேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரும் கீழே, எனக்கு எதிரே உட்கார்ந்தார். "வயரு எப்பமும் மாறத்தான் செய்யும் ஆச்சி. குரங்கு மாத்தும், நீங்க மாத்துவீக. பெட்டிதான் தெரிஞ்சுக்கிடணும். மேல தெரிஞ்சுக்கிட்டுது. கீழ சொல்லலை. சொல்லாதபடி பண்ணினது நான்."

ரொம்ப நேரம் பேசாத சாமானைச் சிப் மறந்துவிடுமாம். சங்கு அபூர்வமாகப் பேசுகிற சாமான். அதை மறந்துவிடுமோ என்று பயந்து, மூன்றாவது ஓட்டை என்று சிப்பில் ஆணி அடித்ததுபோல எழுதி வைத்திருக்கிறார். நான் வயரை மாற்றிச் சொருகியதும் மேலே பட்டியல் மாறிவிட்டது. ஆணி அடித்தது மாறவில்லை. மறந்திருந்தால்கூட சிப் எல்லா ஓட்டையிலும் கூப்பிட்டுப் பார்த்திருக்கும், சங்கு ஊதியிருக்கும் என்றார். "பயந்துதான் ஆணி அடிச்சேன் ஆச்சி. பாதிப் பயம் பயந்துட்டு விட்டுட்டேன். அடிச்ச பெறவு அதையும் பாத்துப் பயந்திருக்கணும்." இதை அவர் முத்துவுக்கு முன்னால், மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். தன் தப்பை ஒரு கிழவியின் தலையில் கட்ட அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. கட்டவில்லை.

அந்த ஆணியை எடுத்தார்கள். மேலே எது மாறினாலும் சிப்பில் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பச்சை வரவேண்டும் என்று ஆக்கினார்கள். 'எழுதச் சொல்லியாச்சுன்னு சொல்லாதீங்க, எழுதியிருக்கான்னு பாருங்க' என்று அவர் அலுவலகத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். மென்பொருளைப் புதிதாக மாற்றும்போதெல்லாம் நான் அறைக்குள் தனியாகப் போய், தோன்றியபடி வயர்களைப் பிடுங்கி மாற்றிச் சொருகவேண்டும். எதை எங்கே வைத்தேன் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது.

"உங்க எஞ்சினியருக மாத்த மாட்டாவளா?"

"அவுக எஞ்சினியரு மாதிரியே மாத்துவாவ ஆச்சி. நீங்கதான் குரங்கு மாதிரி மாத்துவீக."

"என்னவே, என்னையவா குரங்குங்கீரு?"

"குரங்குகிட்ட சாவி இல்லியே ஆச்சி. இருந்தா அதுகிட்டயே கேட்டிருப்பேன்."

அலுவலகக் காகிதத்தில் அதற்கு 'ஆச்சி டெஸ்ட்' என்றே பெயர் போட்டிருந்தார். முத்து கொண்டுவந்து காட்டினாள். அந்தத் தாளை நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அவர் பாதியில் விட்டுப்போன புதிய மென்பொருளைப் போன வாரம் பெட்டியில் ஏற்றினார்கள். இந்த முறை பொறுப்பு முத்துவுக்கு. ஏற்றுவதற்கு முன்பே நான் பெண்கள் பக்கம் போய் எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். 'வானம் நல்லாத்தான இருக்கு, இந்தக் கிழவிக்கு என்ன கேடு' என்றார்கள். என் சேலையைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கடைசிப் பெண் கரையேறிய பிறகு அறைக்குப் போய் வயர்களை மாற்றினேன். திரும்பி வந்து கம்பத்தடியில் நின்று போனைக் காதில் வைத்தேன்.

"பச்சைதான் ஆச்சி" என்றாள் முத்து. கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்ட்டி. கூப்பிடு."

அவள் கூப்பிட்டதற்கும் சங்கு ஊதியதற்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்திருக்கும். ஊதியது.

"கேட்டுதா ஆச்சி?"

"கேட்டுது."

"நெசமாவா? நீங்க கேட்டீளா, பக்கத்துல யாரும் சொன்னாவளா?"

என் காதால் கேட்டேன் என்றேன். அப்படியும் அவள் நம்பவில்லை. இன்னொரு முறை ஊதவைத்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

பீர் தம்பியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். முத்துவின் குரலிலும் அது வந்துவிட்டது. அதைப் போக்கிவிடு என்று நான் எந்தச் சாமியிடமும் கேட்கப்போவதில்லை.