தண்ணி எங்க போகும்?

சாலைப் பராமரிப்பு கேங்கில் அவருக்கு ‘மூடியாச்சு’ என்றுதான் பெயர். பள்ளத்தில் ஜல்லியும் தாரும் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து முடித்ததும் இன்ஜினியரிடம் போனில் அவர் சொல்லும் ஒரே வார்த்தை அது. முன்னே ஒரு வணக்கம்கூட இருக்காது. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு மனைவியும் அதே குரலில் ‘மூடியாச்சு’ என்பாள். இனி யாருக்கும் காபி கிடையாது என்று அர்த்தம்.

மகளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாலைக்கு அடியில் போகும் மண்ணை நனைத்து, இடித்து, எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பாள். அப்பாவும் அவளும் பேச உட்கார்ந்தால் பேச்சு சூளை வளைவில்தான் போய் நிற்கும். அங்கே சாலையோர வாய்க்கால் தூர்ந்துபோய், அதன் மேல் ஒரு டயர் கடையும் முளைத்துவிட்டது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் சாலைக்கு அடியில் இறங்கும். ஒவ்வொரு மழைக்கும் அதே இடம் வாயைப் பிளக்கும். அவர் போய் மூடுவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெறுமுன் அந்த வளைவு ஒரு மழைக்காவது உடையாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. புதிதாகத் தார் போட உத்தரவு வந்ததும் இன்ஜினியரிடம் போய் நின்றார். முதல்ல வாய்க்காலைத் தோண்டலாம் சார், இல்லேன்னா தண்ணி எங்க போகும்?

“எனக்கு மட்டும் தெரியாதாண்ணே? தாருக்குத்தான் உத்தரவு. வாய்க்கால் வேற ஆபீஸ்.”

இன்ஜினியரும் கேட்டுக் கேட்டு அலுத்தவர்தான். அந்த வேற ஆபீசுக்குப் போனால், டயர் கடையைத் தூக்குவது இன்னொரு ஆபீஸ் என்றார்கள்.

சாலை பளபளவென்று வந்தது. கேங் மேஸ்திரி அவருடைய பழைய கூட்டாளி. இனி இங்கே உனக்கு வேலையில்லை, வேறு பேர் வைத்துக்கொள் என்று சீண்டினார். அவர் சிரிக்கவில்லை. அன்று மகளிடம் போனில் கேட்டார்.

“நீ சொல்லு, தாங்குமா?”

அவளுக்குப் பொய் வரவில்லை. “அடிமண் ஊறினா தாங்காதுப்பா.”

‘ம்’ என்று வைத்துவிட்டார்.

முதல் பெருமழையிலேயே தாங்கவில்லை. அன்று அவருக்கு விடுமுறை. தண்ணீருக்கு அடியில் பள்ளம் தெரியாமல் பைக்கில் வருபவன் எவனாவது விழுந்து தொலைவான் என்று, மரக்கிளை ஒன்றை ஒடித்து அதில் நட்டுவைக்கப் போனார். பள்ளத்தைக் கடைசி நொடியில் கண்டு ஒதுங்கிய லாரி அவர் மேல் ஏறிவிட்டது.

அடக்கத்துக்கு கேங் மொத்தமும் வந்தது. குழி மூட ஆள் இருந்தும் மண்வெட்டிகளை இவர்களே வாங்கிக்கொண்டார்கள். கொஞ்சம் மண், மிதி. மறுபடி மண், மிதி. கை அப்படித்தான் பழகியிருந்தது. வண்டி ஓடி அமுங்கட்டும் என்று விடுவதுபோல மேலே சற்று மேடாகவும் விட்டார்கள். இங்கே எந்த வண்டி ஓடப்போகிறது என்று மகள் நினைத்தாள்.

மேஸ்திரி நெற்றியைத் துடைத்தபடி, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். “மூடியாச்சு.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. யாரும் நிமிரவில்லை. அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று மகளுக்குத் தெரியவில்லை.

தூறல் மறுபடி பிடித்தது. தலைமாட்டில் தண்ணீர் தேங்குவதை அவள் பார்த்தாள்.

“தண்ணி எங்க போகும் மாமா?”

மேஸ்திரி மண்வெட்டியை எடுத்து, மேட்டைச் சுற்றிச் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டி, சரிவுப் பக்கம் இழுத்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் கலங்கலாக ஓடியது.