கிள்ளான்காரர் கேட்ட டிரா

என் தங்கையைப் பெண் கேட்டிருந்த கிள்ளான்காரரும் நானும் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலைச் சதுரங்கப் போட்டியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தது தற்செயல்தான். அப்பா அதைச் சும்மா விடவில்லை. "ஆளு எப்படின்னு நல்லா பார்த்துட்டு வா. நீ சொல்றதுதான் முடிவு" என்றார். ரயில்வே குமாஸ்தாவான எனக்கு இது போதாதா? தலைகால் புரியவில்லை.

நான் ஆபீஸ் துரையோடு ஆடிப் பழகியவன். எடுத்த எடுப்பிலேயே ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். கிள்ளான்காரர் பழகியது நாட்டு முறை. அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். போட்டியில் இரண்டு கட்டம் போகலாம் என்று தெரிந்தும் பழக்கம் விடவில்லை. ஒரு கட்டம், அப்புறம் இன்னொரு சிப்பாய், அதுவும் ஒரு கட்டம். தொடக்கமே இப்படியா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிறவர் வேறெப்படி ஆடுவார்!

மத்தியானம் தாண்டியது. அவருடைய குதிரையை நான் விரட்டிக்கொண்டிருந்தேன். அவர் பலகையை நெடுநேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டிரா வச்சுக்கலாமாங்க?" என்றார். பெரிய மனசு பண்ணிக் கைகொடுத்தேன்.

வீட்டில் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "பயந்தாங்கொள்ளி." ஜாதகம் பொருந்தவில்லை என்று அப்பா தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

சில வாரம் கழித்து, பக்கத்து குவாட்டர்ஸ் நண்பரிடம் பீற்றிக்கொள்வதற்காக அந்த ஆட்டத்தின் கடைசி நிலையை அடுக்கிக் காட்டினேன். அவர் கிள்ளான்காரரின் யானையை எடுத்து நேரே இறக்கினார். என் ராஜாவுக்குப் போக இடமில்லை. "நீதான்பா தோத்திருக்கே!" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கேட்ட வீட்டுப் பிள்ளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கக் கூடாதென்று, கையிலிருந்த வெற்றியை விட்டுக்கொடுத்திருக்கிறார் மனிதர்.

அப்பாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் தரகரை அனுப்பினார். கிள்ளான்காரருக்கு வேறிடத்தில் பேசி முடித்தாகிவிட்டதாம்.

தங்கை குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளிடமும் நானே போய்ச் சொன்னேன். கூசிப்போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"அவரு உன்னை ஜெயிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பே அண்ணே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "திமிர் பிடிச்சவன்னு சொல்லியிருப்பேன்."

"தோத்திருந்தா?"

அதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது.