எண்பத்து மூன்றாவது நிமிடம்

தமிழரசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். உட்கார்ந்தது நான்தான், அவன் எங்கே உட்கார்ந்தான்? சிப்காட் கேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வான். கேன்டீனில் நின்றபடி சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கெலவரப்பள்ளி அணைவரை போய், தண்ணீரைப் பார்க்காமலே திரும்பி வருவான். எந்தத் தியேட்டரிலும் இடைவேளைக்குப் பிறகு அவன் இருந்ததில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறந்தவன் என்று திட்டுவேன். சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பான்.

பாரூர்ப் பக்கத்துக்காரன். அப்பா ராமப்பன் அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்டப் போனவர். இவன் ஐ.டி.ஐ. முடித்து எங்கள் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தான். பெர்மனென்ட் ஆன வருடமே நிர்மலாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கு வேறொரு கம்பெனியில் செல்போன் பாகங்கள் பூட்டும் வேலை. இவனுக்கு முதல் ஷிஃப்ட் என்றால் அவளுக்கு இரண்டாவது. இவனுக்கு ஞாயிறு லீவு, அவளுக்குச் செவ்வாய். ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்துப் பேசுவது அரை மணி நேரம்தான்.

அந்தப் படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்தவள் நிர்மலா. ஏதோ ஒரு நாட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். யுத்தம் நடக்கிறது, மிலிட்டரி ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் லாரி டிரைவருக்கும் காதல். சேர்ந்து பார்க்க நேரம் ஏது? அதனால் அவளே ஒரு சட்டம் போட்டாள். தினமும் அவன் கொஞ்சம் பார்த்துவிட்டு, நிறுத்திய நிமிடத்தை நாள்காட்டித் தாளில் எழுதிவைக்க வேண்டும். அவள் வந்து அதுவரைக்கும் பார்ப்பாள், தாண்டமாட்டாள். அவனும் திருட்டுத்தனமாக முன்னால் ஓடக் கூடாது.

முதல் வாரம் முழுக்க பஸ்ஸில் புலம்பல்தான். "யுத்தப் படம்னு அவ சொன்னாணா. ஒரு துப்பாக்கியக் காட்டல. ரெண்டு பேரும் பெஞ்சு மேல உக்காந்துக்கினே இருக்கறாங்க."

முப்பத்தெட்டாம் நிமிடம் வந்ததும் பேச்சு மாறியது. விளக்கெல்லாம் அணைத்த ஊரில், அந்த நர்ஸ் இருட்டில் அவன் சட்டைக்குப் பட்டன் தைக்கிறாள். நாலு நிமிடத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. "குண்டு விழறத எங்கயும் காட்டலணா. ஊசி புடிச்ச கை நடுங்குது பாரு, அதுலதான் குண்டு விழறது தெரியுது. நான் மூணு வாட்டி பாத்தேன்." இவனா மூன்று தடவை ஒரே இடத்தில் உட்கார்ந்தான்? நம்ப முடியாமல் நானும் பென்டிரைவை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். நானும் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தேன்.

படம் எழுபத்தொன்பதாம் நிமிடத்துக்கு வந்திருந்தபோது நிர்மலாவின் கம்பெனி கடிதம் கொடுத்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புது பிளான்ட், சூப்பர்வைசர் வேலை, புதன்கிழமைக்குள் பதில் வேண்டும். அவள் கடிதத்தை நீட்டியிருக்கிறாள். இவன் படித்துவிட்டு, "உன் இஷ்டம்" என்று சொல்லி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தபோது அவள், "படம் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றாளாம்.

அவ்வளவுதான், இவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் சட்டத்தை மீறிக் கடைசிக் காட்சிக்குத் தாவிவிட்டான். நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. ரயில் புறப்படுகிறது. டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

"இதப் பாத்தா அவ போயிடுவாணா" என்றான். முகம் வெளிறியிருந்தது. சினிமாவைப் பார்த்தா ஒருத்தி வாழ்க்கையை முடிவு செய்வாள் என்று கேட்டேன். அவன் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் வேடிக்கை. எதிலும் பாய்கிறவன், படத்தை இழுத்தடிக்க ஆரம்பித்தான். நாளுக்கு ஒரே நிமிடம். தாளில் எண்பது, மறுநாள் எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. மெஷினில் கவனம் இல்லாமல் இரண்டு பீஸைக் கெடுத்து ரிஜெக்ட் ஆக்கினான். எண்பத்து மூன்று என்று எழுதியதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "செவ்வாய்க்கிழமை லீவு போடுங்க."

போட்டான். புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறியவன் என் பக்கத்தில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தான். எனக்குப் பயமாகிவிட்டது.

"கடைசிவரைக்கும் பாத்தோம்ணா. படம் முடிஞ்சதும், நான் முன்னாடியே பாத்துட்டேன்னு ஒத்துக்கினேன். அவ சிரிக்கறா. கல்யாணத்துக்கு முன்னாடி ஹாஸ்டல்ல இருந்தப்பவே அவ முழுசா பாத்துட்டாளாம். என்னோட உக்காந்து பாக்கணும்னுதான் கொண்டாந்தாளாம்."

"அப்புறம் ஏன் படம் முடியட்டும்னு சொன்னா?"

"அதத்தான் நானும் கேட்டேன். அந்த டிரைவரக் காட்டி அழறாணா. 'போகாதன்னும் சொல்லல, நானும் வரேன்னும் சொல்லல, மரம் மாதிரி நின்னுட்டான். எத்தன வாட்டி பாத்தாலும் இவன் மேலதான் எனக்குக் கோவம்'ங்கறா. நான் உன் இஷ்டம்னு சொன்னது எவ்ளோ பெரிய தப்புன்னு அப்பதான் ஒறைச்சது."

"நீ என்ன சொன்ன?"

"நானும் வரேன்னு சொல்லிட்டேன். மெஷின் அங்கயும் ஓடும்ல?" பிறகு கேட்டான்: "வேலைய விடறேன்னு பேப்பர் போடறதுன்னா எப்படி எழுதணும்ணா?"

பஸ் சிப்காட்டுக்குள் திரும்பியது. அவன் எழுந்திருக்கவில்லை. கடைசிக் காட்சியை அவன் சொன்னதிலிருந்து நாங்கள் அந்த டிரைவரை எத்தனை முறை முட்டாள் என்று திட்டியிருப்போம். பெர்மனென்ட் வேலையை விடாதே என்று சொல்லியிருக்கலாம். நீ இல்லாமல் இந்த பஸ்ஸில் எப்படி வருவேன் என்றும் சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. போய்ட்டு வா, நல்லா இரு என்றாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"சொல்லுணா, போகட்டுமா?" என்றான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் இஷ்டம்டா" என்றேன்.