கொஞ்சம் சின்ன நடுக்கம் கிடைக்குமா?

கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் எங்கள் தொழிலில் நிலநடுக்கம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. கணினியில் நாங்களே செய்துகொள்கிறோம். உங்கள் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

அங்கிளின் பேரம்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தேவாலயம் நடத்தும் பாலர் பள்ளி. பழைய கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி தாங்குமா என்று கேட்டு, பள்ளிக் குழுத் தலைவர் ஜோசப் அங்கிள் பங்சாரில் உள்ள எங்கள் ஆபீசுக்கு வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். இடமில்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியே மனம் நொந்தவர்.

"கிள்ளான்ல ஏதும்மா நடுக்கம்?" என்றார். சுமத்ரா ஆடினால் இங்கே அடுக்குமாடியில் மீன்தொட்டித் தண்ணீர் தளும்புவதையும், கிள்ளானின் இளகிய மண் அந்த ஆட்டத்தைக் கூட்டுவதையும் சொன்னேன். அந்த மண்ணுக்கு ஏற்ற ஏழு நடுக்கங்களைச் செய்வோம். பள்ளித் தூணைப் போலவே பாதி அளவில் ஒரு கான்கிரீட் தூண் வார்த்து, ஆடும் மேசையில் ஏற்றி, அந்த ஏழையும் கொடுத்துப் பார்ப்போம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீயே செய்யற நடுக்கம்தானே மா, கொஞ்சம் சின்னதா செஞ்சிரு லா."

ஏழில் ஒன்று

சோதனை நாளன்று அங்கிளும் தலைமையாசிரியை ஸ்டெல்லாவும் வந்திருந்தார்கள். ஏழில் சாதுவானதை முதலில் விடச் சொன்னேன். தூண் அசைந்து கொடுத்து நின்றது. அங்கிள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது, இதோடு நிறுத்திவிடலாமா என்று எனக்கே சபலம் தட்டியது. மறைப்பானேன்? கை மேசையை நிறுத்தும் சுவிட்சு வரைக்கும் போய்விட்டது.

மேசையை இயக்கும் சுலைமான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், அதிகம் பேசாதவர். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "மேடம், இன்னும் ஆறு பாக்கி இருக்கு."

சப்பாத்து நேரம்

மூன்றாவது நடுக்கத்தில் தூணின் அடிப்பக்கம் வெடித்தது. கான்கிரீட் உதிர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. பழைய தூணில் இருந்ததைப் போலவே, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் போட்டிருந்தோம். நிஜப் பள்ளிக்கும் இதே கதிதான்.

ஸ்டெல்லா டீச்சருக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உதிர்ந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: "ஒரு நிமிஷம்கூட ஆகல. என் பிள்ளைங்க காலுக்குச் சப்பாத்து போடவே பத்து நிமிஷம் ஆகும்."

மறுபடியும் அங்கிள்

அடுத்த வாரம் அங்கிள் மறுபடி ஆபீசுக்கு வந்தார். மாடிக்காக மன்றாடப் போகிறார் என்று, பதிலை நாலு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வைக்கவில்லை மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேறொன்று கேட்டார்: "நீ செஞ்சதுலயே ஆகப் பெரிய நடுக்கம் எது மா? அத வெச்சு இருக்கற தூண பலமாக்கிக் குடு. மாடி வேணாம். இடம் கேட்டு வர்ற அம்மாமாருங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

பாசாரில் விலையைக் குறைக்கச் சொல்லியே பழகிய மனிதர்கள் என்னிடம் வந்து கூட்டிக் கேட்கும் நாள்தான், ஐயா, எங்கள் தொழிலில் தீபாவளி.