பத்து மணிக் கூட்டம்

எழுபதுகளின் கடைசியில் பசுமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். கல்யாணம் அமையவில்லை. திருநகரில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் தனியாகக் குடியிருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆசிரியைகள் கூட்டம். கூட்டி நடத்தும் பொறுப்பைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்திருந்தார். ஒன்பதரைக்கே போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பத்தாகும், பத்தரையாகும், ஒருவரும் வரமாட்டார்கள். பள்ளிக்குப் பின்தெருவிலேயே குடியிருந்த கணக்கு டீச்சர்கூட ஈரத்தலையோடு பதினொரு மணிக்குத்தான் வருவார். எல்லோருக்கும் கடைசியாக, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, தமிழ் டீச்சர் வருவார். விவசாயக் குடும்பம். மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள், மாடுகள்.

"கிளம்பிட்டேன் டீச்சர், வாசல் வரைக்கும் வந்துட்டேன். சின்னவன் சட்டையில பாலைக் கொட்டிட்டான். அம்புட்டுத்தான், பஸ்ஸு போயிருச்சு" என்பார். மடியிலிருந்து அவித்த கடலையை எடுத்து மேசையில் பரப்புவார். கடலையைத் தின்றுகொண்டே எல்லோரும் வீட்டுக் கதை பேசுவார்கள். கூட்டம் தொடங்கவே பன்னிரண்டாகிவிடும்.

ஒருநாள் அவர் என்னைக் கேட்டார். "நீங்க மட்டும் எப்பிடி டீச்சர் டாண்ணு வந்துர்றீக?"

"எனக்கு வீட்டில் என்ன வேலை இருக்கு?" என்றேன்.

"கொடுத்து வச்சவுக" என்றார். மனசாரத்தான் சொன்னார். அன்று இரவு வரை அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை.

அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, தலைமையாசிரியையிடம் போய் முறையிட்டேன். அடுத்த வாரமே உத்தரவு வந்தது: பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும், வெளியே நிற்பவர்களுக்கு அரைநாள் விடுப்பு கழிக்கப்படும்.

எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். தமிழ் டீச்சர் மூச்சு வாங்க ஓடிவந்து உட்கார்ந்தார். கடலை கொண்டுவரவில்லை. பேச வேண்டியதைப் பேசினோம், பதினொரு மணிக்குள் கூட்டம் முடிந்துவிட்டது. பைகளை எடுத்துக்கொண்டு அவரவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். உச்சி வெயில்கூட இன்னும் ஏறவில்லை. அறைக்குப் போய் ஸ்டவ்வில் ஒரு ஆழாக்கு அரிசி வைத்தேன். சாப்பிட்டு முடித்தபோதும் சனிக்கிழமை அப்படியே மிச்சம் இருந்தது. அதற்குப் பின் எல்லாச் சனிக்கிழமைகளும் அப்படித்தான்.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அந்தச் சனிக்கிழமை எழுந்து, குளிக்காமல் சேலையை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. கதவு திறந்தே இருந்தது. கூட்டம் தொடங்கவில்லை.

"என்னமோ ஏதோன்னு பயந்து போயிட்டோம்ல" என்று கணக்கு டீச்சர் எழுந்து வந்தார். தமிழ் டீச்சர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கை சொரசொரப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. ஒருவர் என்னைத் தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள்.

"கொதிக்குதே! கஞ்சி வச்சுத் தர யாரு இருக்கா?"

"வீட்டுக்காரம்மா இருக்காங்க" என்றேன். அவர்கள் ஊருக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது.

அவர் நம்பவில்லை. "நாளைக்குக் காலையில நான் வாரேன். மிளகு ரசம் வச்சு எடுத்தாரேன். எங்கயும் போயிராதீக."

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. அறையைக் கூட்டினேன். படுக்கையைச் சுருட்டி வைத்தேன். காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று பால் வாங்கிக் காய்ச்சி வைத்தேன். திருமங்கலம் ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். மதியம் மழை வந்தது. மழை விட்டதும் வருவார் என்று இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் பாலைச் சுட வைத்து நானே குடித்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அவர் என்னைத் தேடி வந்தார். முகம் வாடியிருந்தது.

"மாடு கன்னு போட்டுருச்சு டீச்சர். விடிகாலையில வலி பிடிச்சது, நகர முடியல. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தீகளா?"

"இல்லையே. மாத்திரை போட்டுட்டு நாள் முழுக்கத் தூங்கிட்டேன்" என்றேன்.

அவருக்கு உயிர் வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"காளையா, கிடேரியா?" என்று கேட்டேன்.

"கிடேரி! நெத்தியில வெள்ளையா இம்புட்டுப் பொட்டு" என்று விரலை வளைத்துக் காட்டினார். கன்று எழுந்து நிற்கப் பட்ட பாடு, சின்னவன் அதன் பக்கத்திலேயே படுக்க வேண்டும் என்று அழுதது, மாமனார் அதற்குப் பேர் வைத்தது என்று மணி அடிக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.