தாய்மாமன் ‘இல்லை’யை அழுத்தினார்

நெதர்லாந்துக்குக் குடிவந்த முதல் வருடம், பக்கத்து வீட்டு ஹென்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயைக்கூட மூடாமல், ‘நே, கேன் ஸின்’ என்றார். ‘இல்லை, மனமில்லை’ என்று பொருள். உடம்பு சரியில்லை, மாமியார் வருகிறார் என்று ஒரு மரியாதைப் பொய்கூடக் கிடையாது. நான் தாம்பரத்தான். அங்கே முதல் ‘வேண்டாம்’ தொண்டையைக் கனைப்பது மாதிரி. அதை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் ‘சும்மா வாங்க’ என்பதை எனக்குத் தெரிந்த டச்சில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை, எனக்கு மொழி புரியவில்லை போலும் என்று இரக்கப்பட்டு, ஆங்கிலத்தில் ‘நோ’ என்றார். நான்கு நாள் அவர் கண்ணில் படாமல் நடந்தேன். ஐந்தாம் நாள் அவராகவே வந்து என் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். நான் கோபமாக இருந்தேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. கோபத்தை இவ்வளவு வீணாக நான் செலவழித்ததில்லை.

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் என் மகள் ஆதிரை. மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அவர் பெற்றோர் கூடுவாஞ்சேரியில் இருப்பதால் கல்யாணம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் என்று முடிவானது. ஆதிரைக்கு ஒரே ஒரு கவலை: கல்யாணத்தில் ‘பெர்சனல் டச்’ இருக்க வேண்டும். எல்லோருக்கும் நடப்பது மாதிரி நடக்கக் கூடாது. எல்லோருக்கும் நடப்பது மாதிரி நடந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொள்கிற வயது எனக்கு, ஆனாலும் தலையாட்டினேன். விருந்தினர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிக்க வேண்டும் என்று சொல்லி அவள் ஒரு ஆன்லைன் படிவம் தயாரித்தாள். வருவீர்களா, ஆமா இல்லையா? உணவு ஒவ்வாமை ஏதும் உண்டா? மணமகளோடு உங்களுக்கு மறக்க முடியாத நினைவு என்ன? அதைத் தமிழாக்கியவன் நான். ஐந்தோவன் நகரத்து எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி, அத்தனை சொந்தங்களுக்கும் ஒரே தட்டலில் அனுப்பியவனும் நானே. இருபத்தைந்து வருடத்தில் நான் செய்த மிக வேகமான காரியம் அது.

பதில்கள் வந்தன. ஒவ்வாமைக் கேள்விக்கு வண்டலூர்ப் பெரியப்பா ‘கத்திரிக்காய் பிடிக்காது, முன்னமே சொல்லியிருக்கிறேன்’ என்று எழுதியிருந்தார். ஒரு சித்தி போனிலேயே வந்தார். “ஏம்ப்பா, வருவீங்களான்னு கேட்டிருக்கியே, வர வேணாமா?” அவரைச் சமாதானப்படுத்தி போனை வைப்பதற்குள் ஆதிரை மடிக்கணினியோடு வந்து நின்றாள். “பாபு மாமா வரல. ‘இல்லை’ போட்டிருக்காரு. ஓகே, அவரோட முடிவு. மேடையில அவர் பண்ண வேண்டியத நீங்க பண்ணிடுங்கப்பா.”

பாபு என் மனைவி சுமதியின் ஒரே தம்பி. அனகாபுத்தூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். பெண்ணுக்கு மாலை போட்டு மணமேடைக்கு அழைத்து வருவது தாய்மாமன். அப்பா அதைச் செய்தால் வேலை நடந்துவிடும். ஆனால் மாமன் எங்கே என்று மண்டபமே கேட்கும், சுமதி பதில் சொல்ல வேண்டும். சுமதி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். மகள் முதல் வரியோடு நிறுத்திய இடத்திலிருந்து மேலே படித்தாள். ஒவ்வாமை: ‘சுகர் இருக்கு. பாயசம் அரை டம்ளர் போதும்.’ மறக்க முடியாத நினைவு: ‘காது குத்தும்போது பாப்பா என் மடியில் ஒன்னுக்குப் போனது.’

படித்துவிட்டுச் சுமதி அழுதாள். ஆதிரைக்கு விளங்கவில்லை. “வராதவரு எதுக்கு பாயசம் பத்தி எழுதணும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு வயதுக் குழந்தையை விடுமுறைக்குக் கொண்டுவந்து காது குத்தினோம். பாபு அதற்கென்று வாங்கிய புது பட்டு வேட்டியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். தட்டார் ஊசியை எடுத்ததுமே வேட்டி நனைந்துவிட்டது. எழுந்து போய் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். “இன்னொரு காது கீதே மாமா” என்று அசையாமல் இருந்தான்.

ஊருக்கு வந்த மறுநாளே மூவரும் தட்டோடு அனகாபுத்தூர் போனோம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, குங்குமம், நடுவில் பத்திரிகை. பாபு வாசலில் ‘எல்’ போட்ட காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அதே கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தான்.

“வாக்கா. வா பாப்பா. வாங்க மாமா, வழி தெரிஞ்சுதா? இல்ல, அதுக்கும் லிங்க் வந்துச்சா?”

“தப்புதான் மச்சான்.”

“லிங்க் அனுப்புனா தொறக்கறதுக்கு நான் இன்னா வெப்சைட்டா?”

தட்டை நீட்டினேன். வாங்காமல் துணியை உதறினான். இங்கே பெரியவர்கள் காபி வரும்வரை வெயிலைப் பற்றிப் பேச வேண்டும் என்பது முறை. ஆதிரைக்கு அந்த முறை தெரியாது.

“மாமா, நீங்க ‘இல்லை’ போட்டீங்க. வர மனசில்லையா?”

அப்படி ஒரு கேள்வியை எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. சுமதி என் முழங்கையைக் கிள்ளினாள். கேட்டவள் அவள் மகள், கிள்ளு எனக்கு.

பாபு துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். “பாப்பா, வரியான்னு ஊர்க்காரன கேக்கலாம். வூட்டு ஆள அப்டி கேட்டா, வரலனாலும் பரவால்லன்னு அர்த்தம். அதான் அமுக்கிட்டேன்.”

“நான் மரியாதைக்காகக் கேட்டேன், மாமா. உங்களுக்கு சாய்ஸ் குடுக்கணும்னு.”

“எனக்கு எதுக்கும்மா சாய்ஸு? நான் மாமன்.”

ஆதிரை என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, படிவம், விருப்பம், காரணம் எதுவுமில்லாமல், “வாங்க மாமா” என்றாள். வினைச்சொல் ஒன்று, உறவு ஒன்று. நான் மொழிபெயர்த்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத வாக்கியம் அது.

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினான். “பாக்கலாம்” என்றான்.

திரும்பும் வழியில், “அது எஸ்ஸா, நோவா?” என்று கேட்டாள் மகள். “முந்தின நாளே வந்துடுவான்” என்றாள் சுமதி.

வந்தான். வந்தவன் மண்டபத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேசைகளில் ஆதிரை கைப்பட எழுதி வைத்திருந்த பெயர் அட்டைகளைப் பார்த்து, “பேர் எழுதி வெச்சா, பேர் இல்லாதவன் எங்க குந்துவான்?” என்று எல்லாவற்றையும் பொறுக்கி அவளிடமே கொடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். காலையில் நனையாத புது வேட்டியில் வந்து அவளுக்கு மாலை போட்டான். மாலையின் இரு பக்கத்தையும் பிடித்து நேராக்கினான், ஆயிரம் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கையால். முகூர்த்தம் முடிந்ததும் வாசலுக்குப் போய்க் கை கூப்பி நின்றுவிட்டான். வந்தவர்கள் எல்லோரையும் அவனுக்குத் தெரிந்தது. எனக்குப் பாதிப் பேரைத் தெரியவில்லை. தெரிந்த மீதிப் பேருக்கு என்னைத் தெரியவில்லை.

வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்ல நான் வெளியே போய்த் திரும்பியபோது, வரவேற்பு மேசைப் பெண் என்மேல் பன்னீர் தெளித்தாள். கற்கண்டுத் தட்டை நீட்டி, “வாங்க சார், பொண்ணு வீடா, மாப்ள வீடா?” என்றாள். பாபு வேறு யாரிடமோ பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பழக்கத்தில் என்னையும் கும்பிட்டான். “வாங்க, வாங்க. சாப்டுட்டுதான் போணும்.”

நானும் கும்பிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பெரியவர் அவன் கையைப் பற்றிக்கொண்டு, “பொண்ணுக்கு அப்பாங்களா?” என்று கேட்டார்.

“மாமன்” என்றான் பாபு. அப்போதுதான் என்னைப் பார்த்தான். “பொண்ணோட அப்பா தோ இவரு. மாமா, இன்னா அங்க நின்னுகினு கீறீங்க? இந்தாண்ட வாங்க.”

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் அழைப்பவர்கள். இந்தப் பக்கம் நிற்பவர்கள் வருபவர்கள். மேசையின் ஒரு முனை சுவரை ஒட்டியிருந்தது. மறு முனையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் ஓயட்டும் என்று, கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, முகத்தில் பன்னீரோடு காத்து நின்றேன்.