சான்று பெறாதவர்

லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் மெக்கானிக். உள்ளே பெட்டி இறங்கிக்கொண்டிருக்கும். நான் பின்னால் வந்து நிற்பது தெரிந்தாலும் காதை எடுக்கமாட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில், எடுக்கச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

பதினொரு ஆண்டுகள் எங்கள் லிஃப்ட் அவர் கையில்தான் ஓடியது. மூன்று மாதங்களுக்கு முன் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது: சான்று பெறாத நபர்கள் இயந்திரத்தைத் தொடக்கூடாது. அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"சான்று பெறாதவன்னா வேலை தெரியாதவன்னு அர்த்தமா சார்?"

"இல்லீங்க. தெரியும்னு சொல்ற பேப்பர் இல்லாதவர், அவ்வளவுதான்."

"அப்ப பேப்பர் இருந்தா தெரியும்னு அர்த்தமா?"

மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் அறைச் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகும் தினமும் வந்தார். ஆறாவது மாடியில் அவருடைய தங்கை குடியிருந்ததால் தடுக்க வழியில்லை. ஏறுவது மட்டும் படியில்தான். மூட்டுவலிக்காரத் தங்கையையும் கைத்தாங்கலாகப் படியிலேயே இறக்கினார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "பிரேக் கட்டை தேஞ்சு போச்சுங்க. சத்தத்துலயே தெரியுது" என்றார். போன வேலையைத் திரும்பப் பிடிக்க நாடகம் போடுகிறார் என்றே நினைத்தேன். லிஃப்ட் நிறுவனத்திலிருந்து கழுத்தில் சான்று அட்டை தொங்க வந்த புது ஆள்தான் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாரே.

சென்ற வாரம் லிஃப்ட் நான்காம் தளத்தைத் தாண்டி, ஒரு முழம் கீழே சறுக்கிப் போய் நின்றது. உள்ளே நான் மட்டும். தொற்றி ஏறி வெளியே வந்ததும் நேராக மொட்டைமாடிக்கு ஓடினேன். மெக்கானிக்கே எதையாவது கழற்றிவிட்டாரோ? மெஷின் அறைப் பூட்டில் விரல் வைத்தால் தடம் விழும் அளவுக்குத் தூசி. யாரும் தொட்டிருக்கவில்லை. சாவி என் வளையத்திலேயே இருந்தது. அப்போதுதான் உறைத்தது, புது ஆள் என்னிடம் சாவியே கேட்கவில்லை.

லிஃப்ட் நிறுவனம் வேறொருவரை அனுப்பியது. பிரேக் கட்டை ஆணித்தலை தெரியும்வரை தேய்ந்திருந்தது. மாற்றிவிட்டு, முத்திரை வைத்த காகிதம் கொடுத்தார். மெக்கானிக் அப்போது மருத்துவமனைக்குக் கிளம்பிய தங்கையோடு ஆறாவது மாடியில் நின்றிருந்தார். காகிதத்தை அவரிடம் நீட்டினேன்.

"இனி இவங்க இதுலயே போகலாம்ல?"

வரி விடாமல் படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார். பிறகு, தங்கையை அங்கேயே நிற்கும்படி கையைக் காட்டிவிட்டு, தான் மட்டும் லிஃப்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.